கௌதள்ளி மழையை நான் கட்டிய கதை

மழை பெய்யாவிட்டால் மனிதனுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். வானிலை அறிக்கை வாசிப்பவரைத் திட்டலாம். அரசாங்கத்தைத் திட்டலாம். ஊரில் பாவம் பெருகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே பொதுவாகவும் திட்டலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், ஆவணி பிறந்தும் மழை வராத, கர்நாடக எல்லையோரக் கௌதள்ளியில், ஊர் மொத்தமும் கூடி யோசித்துத் திட்டுவதற்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்தது. அந்த ஆள் நான்தான். (அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைக் கவனித்தது அதற்கு முன்பு நடந்ததில்லை. பிறகு என் கல்யாணத்தில்கூட நடக்கவில்லை.)

என்மீது சாட்டப்பட்ட குற்றம், மழையைக் கட்டியது. தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செங்கல் சூளை போடுகிறவர்கள், வெயிலில் காயும் பச்சைக் கல் கரைந்துவிடக் கூடாதென்று ஒரு சட்டியை மந்திரித்து எங்கேயாவது கவிழ்த்து வைத்துவிடுவார்கள், அது கவிழ்ந்து கிடக்கும்வரை அந்த வட்டாரத்தில் மழை இறங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நான் சூளை எதுவும் வைத்திருக்கவில்லை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மைசூரில் ஒரு மண் ஆராய்ச்சிக் கூடத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். ஆனால் கவிழ்த்து வைத்தது உண்மை. அதுவும் ஒன்றல்ல, ஆறு.

அப்பா மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்கு வேலை கிடைத்த மறுநாள் காலை, கம்பெனி பஸ்ஸில் டிரைவரில் தொடங்கிக் கடைசி சீட் வரைக்கும், மகன் விஞ்ஞானி ஆகிவிட்டான் என்று சொல்லி முடித்திருந்தார். அந்த வேலையை நான் வாங்கிய விதம் அவருக்குத் தெரியாது. நேர்முகத் தேர்வில் இரண்டே கேள்வி. தமிழ் வருமா என்பது ஒன்று. ஆய்வு நடக்க இருந்த கௌதள்ளியில் தமிழ் பேசுகிற விவசாயிகள் அதிகம். விவசாயம் தெரியுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்றேன். என் தமிழ், பாதிக்குப் பாதி கன்னடம் கலந்த மைசூர்த் தமிழ். என் விவசாயம், மொட்டை மாடியில் நான்கு ரோஜாத் தொட்டி. அதில் இரண்டு பட்டுப்போய்விட்டன.

ஆராய்ச்சி இதுதான். காற்றில் மீத்தேன் என்றொரு வாயு கலந்திருக்கிறது. சேற்று வயலிலும் சாக்கடையிலும் மாட்டின் வயிற்றிலும் உண்டாகிப் பூமியைச் சூடேற்றுகிற வாயு. காய்ந்த மேட்டு நிலத்து மண்ணுக்குள் இருக்கும் சில நுண்ணுயிர்களுக்கு அதுவே சாப்பாடு. மண் பொலபொலவென்று இருக்கும்வரை காற்று உள்ளே போகும், அவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும். மழை பெய்து மண்ணின் சந்துபொந்துகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை, சாப்பாடு நின்றுபோகும். தண்ணீர் தேங்கியே கிடந்தால் வேறு வகை உயிர்கள் தலையெடுத்து, அதுவரை மீத்தேனை விழுங்கிய அதே மண் அதை வெளியே விட ஆரம்பிக்கும். மழைக்கு முன் எவ்வளவு விழுங்கியது, மழைக்குப் பின் எப்படி மாறியது என்று அதே மண்ணில், அதே இடத்தில் அளக்க வேண்டும்.

அளப்பதற்கு ஆறு இரும்பு வளையங்களை நிலத்தில் பாதி ஆழம் அடித்து இறக்கியிருந்தோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தகரப் பெட்டியை வாய் கீழாகக் கவிழ்க்க வேண்டும். அரைமணி நேரம் உள்ளே அடைபட்ட காற்றை, பெட்டியின் தலையில் இருக்கும் ரப்பர் வழியாக ஊசி போட்டு உறிஞ்சி, இஞ்செக்‌ஷன் குப்பியில் அடைத்து மைசூருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உள்ள இயந்திரம் மீத்தேன் கூடியதா குறைந்ததா என்று சொல்லும்.

எங்கள் தலைவியை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. என்னை அனுப்பும்போது கன்னடத்தில் இரண்டு கட்டளை போட்டார். "வளையத்தை அசைக்கக் கூடாது. அசைந்தால் மண் கலைந்துவிடும், இந்த வருடம் போச்சு. அரைமணி ஆனதும் பெட்டியை எடுத்துவிட வேண்டும். அந்த மண் மழையைப் பார்க்கணும், குமார். வறட்சிக்குப் பிறகு வருகிற முதல் மழைதான் நமக்கு முக்கியம். அது கிடைத்தால் திட்டம் தொடரும்." கிடைக்காவிட்டால் திட்டத்தோடு நானும் வீட்டுக்குப் போவேன் என்பதை அவர் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், புரிந்துவிட்டது.

நிலம் ராமசாமி அண்ணனுடையது. ராகி விதைக்க உழுதுபோட்டு, மழைக்காகக் காத்துக் கிடந்த நிலம். அவர் வீட்டிலேயே மூட்டை போடும் அறையில் எனக்கு இடம் கொடுத்திருந்தார். அவர் மனைவி பொன்னம்மாக்கா வேளாவேளைக்குக் களியும் கீரைக் குழம்பும் போட்டுவிடுவார். வீட்டிலிருந்து நிலத்துக்கு நல்ல நடை. ஆறு தகரப் பெட்டிகளை விடியற்காலையில் தூக்கிப்போய், அரைமணி கழித்துத் திரும்பத் தூக்கி வருவது இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, நாளைக்கும் இதே வளையத்தில்தானே கவிழ்க்கப் போகிறோம், பிறகு எதற்குத் தூக்கி அலைய வேண்டும் என்று கேட்டான். நியாயமாகப் பட்டது. பெட்டிகளை அப்படியே விட்டேன். காற்றில் உருளாமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். பெட்டிகளில் ஒன்று முதல் ஆறு வரை சிவப்புப் பெயிண்டில் எண் வேறு எழுதியிருந்தது. வரப்பில் நடந்து போகிறவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

இதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். வாய் சும்மா இருக்கவில்லை.

டீக்கடையில் ஒரு நாள் ராமசாமி அண்ணன் நல்லவிதமாகத்தான் கேட்டார். "ஏனுங் தம்பி, மழ எப்ப வருமுன்னு உங்க பொட்டி சொல்லுமுங்களா?"

பத்துப் பேர் என் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அதெல்லாம் சொல்லாதுண்ணா. ஆனா இன்னும் ஒரு வாரம் மழை வராம இருந்தா எனக்கு ஒள்ளேது," என்றேன். (ஒள்ளேது என்றால் கன்னடத்தில் நல்லது. கௌதள்ளியில் அது தெரியாதவர் ஒருவரும் கிடையாது. தெரியாதிருந்தால் தப்பித்திருப்பேன்.)

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. நான் அதைக் கவனிக்காமல் மேலே விளக்கினேன். "காய்ஞ்ச மண்ணு இன்னும் ஸ்வல்ப நாள் வேணும்ணா. இப்பவே மழை வந்துட்டா எங்களுக்கு லெக்கம் கெட்டுடும்."

ஒவ்வொருவராகக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ராமசாமி அண்ணன் மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டு, "செரிங்க," என்றார்.

அதற்கு மறுநாள் தெற்கே மேகம் திரண்டது. ஊரே வெளியே வந்து நின்றது. மேகம் தலைக்கு மேல் வந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குண்டலுபேட்டைப் பக்கம் போய்விட்டது. அதற்கடுத்த நாளும் அதே கதை. மூன்றாவது முறை மேகம் கலைந்தபோது, ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

டீக்கடைக்குப் போனால் பால் தீர்ந்துபோச்சு என்றார் கடைக்காரர். சொல்லும்போதே எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கையில் டீயைக் கொடுத்தார். நான் நடந்து வருவதைப் பார்த்துப் பேச்சு நின்றது, கடந்து போனதும் மறுபடி தொடங்கியது. பொன்னம்மாக்கா களியை என் தட்டில் போடும் சத்தம் மாறியிருந்தது. எனக்குக் காரணம் தெரியவில்லை. குளிக்காமல் இருப்பதால் இருக்கும் என்று நினைத்து, தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு வாளி எடுத்துக் குளித்தேன். அதையும் பார்த்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டு, எங்களைப் பிச்சை எடுக்க வைத்துவிட்டாயே என்று வானத்தைப் பார்த்து அழுவார்கள். கேட்டால் மனம் இளகி மழை வரும் என்று நம்பிக்கை. முன்னால் கூடையோடு பொன்னம்மாக்கா. என் அறை வாசலுக்கும் வந்தார்கள். என்னிடம் சோறு ஏது? கொள்ளேகாலில் வாங்கிய பன் இரண்டு இருந்தது. பக்தியோடு எடுத்து நீட்டினேன்.

கூட்டம் பாட்டை நிறுத்தியது. பொன்னம்மாக்கா கூடையைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"வேண்டாமுங்க தம்பி. உங்க கையில வாங்குனா வாற மழயும் வராது."

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அவர்கள் போனபிறகு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பயத்தைவிட வருத்தமே அதிகமாக இருந்தது. அந்த ஊரில் மழைக்காக ஏங்கியவர்களை வரிசையில் நிறுத்தினால் நான் முன்வரிசையில் நிற்பேன். காய்ந்த மண்ணின் கணக்கு முடிந்துவிட்டது, இனி என் சாப்பாடே அந்த மழையில்தான் இருந்தது.

மறுநாள் காலை அளவெடுத்து முடித்து, வழக்கம்போல் பெட்டிகளைக் கவிழ்த்தபடியே விட்டுவிட்டு வந்தபோது, கிழக்கே மேகம் கறுத்திருந்தது. இந்தத் தடவை காற்றில் மண்வாசம் இருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மேடமுக்கு போன் போட்டேன்.

"மேடம், மேகம் நல்லா இறங்குது."

"நான் ஜீப்பில் வருகிறேன். பெட்டியெல்லாம் எடுத்தாச்சா?"

"ஆயித்து மேடம்," என்றேன். ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆகவில்லை. ஆனால் நிலத்துக்குப் போய் எடுத்துவிடத்தான் போகிறேன், அவர் மைசூரிலிருந்து வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும், ஆகவே ஆனமாதிரிதான் என்பது என் கணக்கு. போகும் வழியில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தேன். களி சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது வயிற்றில் உட்கார்ந்ததும் கண்ணை மூடச் சொல்லும். அஞ்சு நிமிஷம் என்று மூட்டையில் சாய்ந்தேன்.

விழித்தபோது ஓட்டின் மேல் சத்தம். மழை.

எழுந்து உட்கார்ந்து கண்ணீர் வராத குறையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஆறு பெட்டிகளும் ஆறு கற்களும் ஞாபகம் வந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று, விட்டுவிட்டு ஓடினேன். இன்னும் கொஞ்ச நேரம் பெய்துவிட்டால் போதும், பாதி மழையையாவது அந்த மண் பார்த்துவிடும், பாதி வேலையாவது மிஞ்சும் என்று மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டே ஓடினேன்.

நிலத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது. விரலை விட்டு ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் கால் வைத்தேன். மழை நின்றது.

தூறலாகி, குறைந்து, ஓய்ந்து என்றெல்லாம் இல்லை. குழாயை மூடியதுபோல நின்றது. ஓர் உழவுக்குக்கூடப் பத்தாத மழை. அத்தனை முகமும் வானத்திலிருந்து இறங்கி என்னிடம் வந்தது. எல்லோருக்கும் முன்னால் ராமசாமி அண்ணன். கையில் மண்வெட்டி.

"பொட்டிய எடுங்க தம்பி," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

முதல் பெட்டியின் தலையில் இருந்த கல்லை இறக்கி, பெட்டியைத் தூக்கினேன். சுற்றிலும் மண் கறுத்து ஊறிக் கிடந்தது. வளையத்துக்குள் மட்டும் வெளுத்த புழுதி. அதில் ஓர் எறும்பு எந்தக் கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்ததையும் எடுங்க."

எடுத்தேன். புழுதி. ஆறையும் எடுத்தேன். ஆறிலும் புழுதி.

"ஊரெல்லாம் நனைஞ்சு கெடக்குது. இந்த எடத்துல மட்டும் ஏனுங்க மழ பேயல?"

எனக்குள் இருந்த விஞ்ஞானி கடைசியாக ஒருமுறை வாயைத் திறந்தான். "அண்ணா, பெட்டி மூடியிருந்தா மழை எப்படிண்ணா உள்ள வரும்?"

ராமசாமி அண்ணன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார்.

"அதத்தானுங் தம்பி நாங்களும் சொல்றோம்."

நான் படித்த எம்.எஸ்ஸி.யில் அதற்குப் பதில் இல்லை. இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

"பொட்டிய எடுத்தாப் போதாது, மண்ணுக்குள்ள இரும்ப வேற எறக்கியிருக்கறான். அதையும் தோண்டிப்போட்டாத்தான் கட்டு அவுறும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஆமாம் ஆமாம் என்றன பல குரல்கள். ராமசாமி அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் வளையத்திடம் வந்தார். ஒரே ஒரு வெட்டு போதும். மண் கலைந்துவிடும், வருடம் போய்விடும், ஹெப்பாள் பஸ்ஸில் அப்பா இனி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கும். நான் வளையத்துக்கு முன்னால் போய் நின்றேன். தைரியம் எதுவும் இல்லை, வேறு வழி தெரியவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம் கேளுங்க. நானும் மழைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இதைத் தோண்டிட்டா எனக்கு வேலையே போயிடும்ணா."

"எங்களுக்கு ராகி போயிருமுங்க," என்றார் அவர்.

மண்வெட்டி உயர்ந்தபோது பொன்னம்மாக்காவின் குரல் கேட்டது.

"நில்லுங்க. இரும்பு என்ன பண்ணும்? கட்டுனவன் தலயில ஊர்த் தண்ணிய ஊத்துனா கட்டு தானா அவுந்துரும். எங்கம்மா வூட்டுப் பக்கம் அப்படித்தான் பண்ணுவாங்க."

"ஊத்துங்கக்கா," என்றேன் உடனே. "எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க. வளையத்தை மட்டும் தொடாதீங்க."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்," என்றது பின்னாலிருந்த அதே குரல்.

அடிபம்பில் ஐம்பது தடவை அடித்தால் அரைக் குடம் வருகிற ஊர் அது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் என் தலையில் ஊற்றத் தண்ணீர் இருந்தது. வளையங்களுக்கு நடுவே என்னை உட்கார வைத்து முதல் குடத்தைக் கவிழ்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிலத்தில் காய்ந்த மண் இப்போது மிச்சம் இருப்பது இந்த ஆறு வளையத்துக்குள் மட்டும்தான், அடுத்த மழைக்கு அதுவே என் ஒரே பிடிமானம், அதில் குடத்துத் தண்ணீர் புகுந்தால் அதுவும் போயிற்று. இரண்டாவது குடம் விழும்போது உடம்பை வளைத்து, முதுகால் தடுத்து, தண்ணீரை வளையம் இல்லாத பக்கமாக ஓடவிட்டேன்.

"இப்பக்கூட அந்த மண்ண நனைய உடறானா பாருங்க," என்றார் பொன்னம்மாக்கா.

நான்காவது குடத்தில் ஜீப் சத்தம் கேட்டது. மேடம் இறங்கி வரப்பில் வந்தார். கையில் குடை. இடுப்பு லுங்கியோடு, ஒற்றைச் செருப்போடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்த என்னை அவர் பார்க்கவில்லை. வளையங்களைப் பார்த்தார். குனிந்து உள்ளே இருந்த புழுதியை விரலால் தொட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மழை பெய்தபோது பெட்டி எங்கே இருந்தது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"வளையத்து மேலே, மேடம்."

"போனில் என்ன சொன்னாய்?"

ராமசாமி அண்ணன் முன்னால் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாக முறையிட்டார். "அம்மா, உங்க தம்பி எங்க ஊரு மழயக் கட்டிப்போட்டாருங்க."

நான் மேடமை நம்பிக்கையோடு பார்த்தேன். வெளிநாட்டில் படித்தவர். மூடநம்பிக்கை என்றால் முகம் சுளிப்பவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கூத்து முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நீங்க சொல்றது நிஜம். இந்த மண்ணுக்கு வர வேண்டிய மழையை நிறுத்தினது இவரேதான்."

விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கோபம் அதோடு பாதி இறங்கிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். மேடம் பொன்னம்மாக்காவைப் பார்த்து, "இன்னும் ஒரு கொடம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

அந்தக் குடமும் தீர்ந்தபிறகு சமாதானப் பேச்சு நடந்தது. வளையத்தின் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்துதான் இருக்கிறது, அதனால் அது மழையைத் தடுக்காது என்று மேடம் காட்டினார். குனிந்து பார்த்து ஒத்துக்கொண்டார்கள். பெட்டிகள் இனி வரப்பில் மல்லாந்து கிடக்கும். கவிழ்ப்பதென்றால் பொன்னம்மாக்காவின் அனுமதி வேண்டும். அரைமணிக்கு மேல் கவிழ்ந்திருந்தால் என் தலையில் ஊற்ற ஊருக்கு முழு உரிமை உண்டு. ஜீப்பில் ஏறும் முன் மேடம் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அடுத்த மழை. அதையும் விட்டால் மைசூருக்குப் பஸ் இருக்கிறது."

அடுத்த மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வராமலே போகலாம். வந்தாலும், வளையத்தின் மண் கலையாமல் இருக்க வேண்டும். நான் தூங்குவதை நிறுத்திவிட்டு வரப்பிலேயே கிடந்தேன். களியை அரை வயிறுதான் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் விடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. இது உண்மையான மழை. கோணிச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஊரே நிலத்துக்கு வந்துவிட்டது. வளையத்துக்குள் மண் குடித்துக் குடித்துக் கறுத்தது. நான் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பயம். இப்போது நான் அளவெடுக்க வேண்டும். அளவெடுக்க வேண்டுமானால், பெய்துகொண்டிருக்கும் மழையில், ஊர் பார்க்க, ஆறு பெட்டிகளையும் மறுபடி கவிழ்க்க வேண்டும்.

பொன்னம்மாக்காவிடம் போனேன். "அக்கா, அரைமணி."

"இப்பத்தான் வந்திருக்குது தம்பி. இப்பவே கவுக்கோணுமா?"

"மழையில மண்ணு என்ன பண்ணுதுன்னு பாக்கத்தானேக்கா வந்தேன்."

அவர் ராமசாமி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்தார். வானம் கனமாகத்தான் இருந்தது. "அரமணிதான். பொறவு நிமித்திப்போடோணும்," என்றார் அக்கா. என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

ஆறு பெட்டிகளையும் கவிழ்த்தேன். மழை லேசாகக் குறைந்தது.

எனக்குத் தோன்றுகிறதா, நிஜமாகவே குறைகிறதா என்று தெரியவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கோணிச்சாக்கை விலக்கிவிட்டுக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிஜம்தான். மேற்கே வெளுக்க ஆரம்பித்தது. பொன்னம்மாக்கா என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அந்த அரைமணியில் நான் கடவுள்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன், மதவேறுபாடு பார்க்கவில்லை. தூறல் மட்டும் விடாமல் இருந்தது. கடைசிப் பெட்டியின் காற்றையும் உறிஞ்சிக் குப்பியில் அடைத்துவிட்டு, ஆறு பெட்டிகளையும் எடுத்து ஓடிப்போய் வரப்பில் மல்லாத்தினேன்.

மழை வெளுத்து வாங்கியது.

நான் விஞ்ஞானி. அது தற்செயல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்ற நூறு பேரிடம் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. பொன்னம்மாக்கா தன் கோணிச்சாக்கை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டு, "கட்டவும் தெரியுது, அவுக்கவும் தெரியுது. கெட்டிக்காரந்தான்," என்றார். அன்று களியின் நடுவில் குழி செய்து நிறைய நெய் விட்டார்.

மைசூர் இயந்திரம் மேடம் எதிர்பார்த்ததையே சொன்னது. காய்ந்திருந்தபோது மீத்தேனை விழுங்கிக்கொண்டிருந்த மண், மழையில் வாயை மூடிக்கொண்டுவிட்டது. மேடம் காகிதத்தைப் பார்த்து "சரி" என்றார். திட்டம் தொடர்ந்தது, நானும் தொடர்ந்தேன், அப்பா பஸ்ஸில் தலை நிமிர்ந்து போனார்.

ஆனால் என் கல்யாணத்துக்கு வந்த ராமசாமி அண்ணன், பந்தியில் உட்கார்ந்து முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், வடாம் போடுவது என்றாலும், முதல் போன் எனக்குத்தான். "மாமா, ரெண்டு நாளைக்கு மட்டும் கொஞ்சம் கட்டி வைங்க." நான் மண்ணும் மழையும் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். வீட்டில் என் தகுதி இதுதான்.

போன வருடம் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். திறந்தவெளியில்தான் வரவேற்பு வேண்டும் என்று பிடிவாதம். முதல் நாள் சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் மனைவி மொட்டை மாடிக்குப் போய் ஓர் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். படித்தவன் வீட்டில் இதென்ன என்று சத்தம் போட்டேன். பிறகு நானே மேலே ஏறி, அதன் தலையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். (காற்றில் உருண்டுவிடும் என்பதற்காக. வேறு எதற்காகவும் இல்லை.) ஒரு பொட்டுத் தூறல் இல்லாமல் கல்யாணம் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து கௌதள்ளியிலிருந்து போன். பொன்னம்மாக்கா.

"கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா தம்பி?"

"முடிஞ்சுதுக்கா. நீங்க வருவீங்கன்னு பார்த்தேன்."

"முழங்கால் வலிங்க, வர முடியல. அது கெடக்குது. இங்க ராகி வெதச்சு வாடிப்போய் நிக்குது, ஒரு வாரமா மேகம் வாறதும் போறதுமா இருக்குது. கல்யாணந்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதையாச்சும் கவுத்து வெச்சிருக்கறீங்களா?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். சிரிப்பு முடிந்ததும் மாடிப்படி ஏறினேன். அண்டா கல்லோடு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, கல்லை இறக்கி, அண்டாவை நிமிர்த்தி வைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கௌதள்ளியில் மழை பெய்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.